ஃபைனல் ஃபேன்டசி 14 ஹன்ட் ட்ரெயின்: முதல்முறை வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இந்த விளையாட்டில் புதிதாக வந்தவர்கள் ஒரு மேப்பில் தனியாக ஏதோ குவெஸ்ட் செய்துகொண்டிருக்கும்போது, எங்கிருந்தோ ஐம்பது அறுபது பேர் டிராகனிலும் கரடியிலும் பறந்து வந்து, ஒரு மிருகத்தைச் சுற்றி நின்று, அரை நிமிடத்தில் அடித்துப் போட்டுவிட்டு, மொத்தமாக மறைந்துபோவதைப் பார்த்திருப்பார்கள். அதில் எப்படிச் சேர்வது, சேர்ந்தால் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர் ஒரு மாதிரி பயந்துகொண்டுதான் கேட்கிறார்கள். பயப்பட இதில் எதுவும் இல்லை, அதற்காகத்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில், ஹன்ட் ட்ரெயின் என்றால் என்ன?

2014 ஜூலையில் 2.3 பேட்சோடு ஹன்ட் என்ற ஒன்று விளையாட்டுக்குள் வந்தது. மேப்புகளில் சாதாரண மிருகங்களோடு சில விசேஷ மிருகங்களும் திரியும். அவற்றுக்கு பி, ஏ, எஸ் என்று மூன்று ரேங்க். பி ரேங்கைத் தனியாளாகவே முடித்துவிடலாம். ஏ ரேங்குக்கு ஒரு கூட்டம் வேண்டும். எஸ் ரேங்க் எப்போதாவதுதான் வரும், வந்தால் டேட்டா சென்டரே (பல வேர்ல்டுகள், அதாவது சர்வர்கள், சேர்ந்த தொகுப்பு) திரண்டு வரும்.

ட்ரெயின் என்பது ஏ ரேங்குகளுக்காக. ஹெவன்ஸ்வர்டில் தொடங்கி ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனிலும் (விளையாட்டோடு பின்னால் சேர்ந்த பெரிய பகுதிகள்: ஹெவன்ஸ்வர்ட், ஸ்டார்ம்பிளட், ஷேடோபிரிங்கர்ஸ், எண்ட்வாக்கர், டான்ட்ரெயில்) ஆறு மேப், மேப்புக்கு இரண்டு ஏ ரேங்க், ஆக 12. ஒன்று செத்தால் மறுபடி வருவதற்கு 4 முதல் 6 மணி நேரம் ஆகும். அதனால் யாராவது ஒருவர் முன்கூட்டியே ஆறு மேப்பையும் சுற்றி 12 மிருகங்களும் எங்கெங்கே நிற்கின்றன என்று குறித்துவைத்துக்கொண்டு, ஆட்களைத் திரட்டி, வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொண்டே போவார். அந்த ஆளைக் கண்டக்டர் என்போம், முன்னாலேயே போய்த் தேடி வைப்பவர்களை ஸ்கவுட் என்போம். பல சமயம் இரண்டும் ஒரே ஆள்தான். மொத்தமும் அரை மணி நேரச் சமாச்சாரம்.

என் லெவல் போதுமா?

சண்டைபோடுகிற எந்த ஜாபும் (வீரர் வகையும்) போதும், அந்த மேப்பின் லெவலில் இருந்தால் சரி. டான்ட்ரெயில் ட்ரெயினுக்கு 100 இருந்தால் நிம்மதி. கியர் பற்றிக் கவலையே வேண்டாம், எழுபது பேர் அடிக்கிற இடத்தில் உங்கள் ஆயுதத்தின் நம்பரை யாரும் பார்க்கப்போவதில்லை.

லெவலைவிட முக்கியமானது மேப் திறந்திருக்கிறதா என்பது. கதையில் அந்த இடத்துக்குப் போயிருக்கவேண்டும், எதெரைட்டை (டெலிபோர்ட் செய்து வந்திறங்கும் படிகக் கல்லை) தொட்டிருக்கவேண்டும், பறக்கவும் முடிந்தால் நல்லது. பறக்க முடியாதவர்கள் தரையில் ஓடி வருவதற்குள் மிருகம் செத்துவிடும். எண்ட்வாக்கரின் அல்டிமா தூலேயும் டான்ட்ரெயிலின் லிவிங் மெமரியும் கதையின் கடைசியில்தான் திறக்கும். ட்ரெயினுக்காகக் கதையை வேகமாகத் தள்ளிவிட்டு ஓடாதீர்கள். அந்த இரண்டு மேப்புகளையும் கதை வழியாக முதல்முறை பார்ப்பது திரும்பக் கிடைக்காத அனுபவம். நீங்கள் முடித்த எக்ஸ்பான்ஷனின் ட்ரெயினில் ஏறுங்கள், பழைய எக்ஸ்பான்ஷன்களுக்கும் ட்ரெயின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஃப்ரீ ட்ரையலில் இருக்கிறேன். வரலாமா?

வரலாம். ட்ரையலில் லெவல் 70 வரை ஹெவன்ஸ்வர்டும் ஸ்டார்ம்பிளட்டும் இருக்கின்றன, அந்த ட்ரெயின்கள் உங்களுக்கானவை. ஷவுட் செய்ய (மேப் முழுவதற்கும் கேட்கும் சாட்டில் எழுத) முடியாது, ஆனால் மற்றவர்கள் ஷவுட் செய்வதைப் படிக்கலாம். பார்ட்டியை நீங்களாக உருவாக்க முடியாது, வேறொருவர்தான் உங்களை அழைக்கவேண்டும். பக்கத்தில் நின்று சே சாட்டில் கேளுங்கள், அழைப்பார்கள்.

ஹன்ட் குவெஸ்ட் ஏதாவது முடிக்கவேண்டுமா?

முடித்துவிட்டு வருவதே நல்லது. முதல் குவெஸ்ட் 'லெட் த ஹன்ட் பிகின்', அதற்கு லெவல் 50-உம் உங்கள் கிராண்ட் கம்பெனியில் (கதையில் நீங்கள் சேரும் படை) செகண்ட் லெஃப்டினன்ட் பதவியும் வேண்டும். பிறகு ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனுக்கும் தனிக் குவெஸ்ட், எல்லாம் ஐந்து நிமிட வேலை. தினசரி ஹன்ட் பில்களும் (எதை வேட்டையாடவேண்டும் என்ற பட்டியல்) வாரம் ஒருமுறை வரும் பி ரேங்க் பில்லும் இதில்தான் திறக்கும்.

ட்ரெயின் எப்போது, எங்கே கிளம்புகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று வழி. ஒன்று, மேப்பில் ஷவுட் சாட். கண்டக்டர் கிளம்பும் முன் பெரிய ஊர்களிலும் முதல் மேப்பிலும் ஷவுட் போடுவார். உங்கள் சாட் பெட்டியில் ஷவுட்டையும் யெல்லையும் அணைத்துவைத்திருந்தால் முதலில் அதைத் திறந்துவிடுங்கள். இரண்டு, பார்ட்டி ஃபைண்டரில் ஹன்ட் என்று தனிப் பிரிவு இருக்கிறது. மூன்று, டேட்டா சென்டர் அளவில் இயங்கும் டிஸ்கார்ட் சர்வர்கள். மூன்றாவதுதான் நம்பகமானது, ஏனென்றால் கண்டக்டர்கள் அங்கேதான் தங்களுக்குள் நேரம் பேசிக்கொள்கிறார்கள். ஃபாலூப் என்ற தளத்தில் எந்த மிருகம் எப்போது திரும்ப வரும் என்ற கணக்கும் கிடைக்கும். கிராஸ்-வேர்ல்ட் லிங்க்ஷெல்லிலும் (பல வேர்ல்டு ஆட்கள் சேரும் சாட் குழு) தகவல் வரும், ஆனால் ஒரு லிங்க்ஷெல்லில் 64 பேர்தான் என்பதால் இடம் கிடைப்பது கஷ்டம்.

நேரம்தான் நமக்குச் சிக்கல். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஆடினால், ஜப்பான் டேட்டா சென்டர்களில் இரவு 10 மணி என்பது நமக்கு மாலை 6:30, வேலை முடித்து வந்து உட்காரச் சரியாக இருக்கும். எலிமென்டல் டேட்டா சென்டரின் டோன்பெரி வேர்ல்டில் தென்கிழக்காசிய ஆட்கள் நிறைய, ஆங்கிலத்திலேயே பேசுவார்கள். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இரவு 8 மணி என்றால் நமக்கு நள்ளிரவு 12:30. அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடைக்கால இரவு 9 மணி நமக்கு மறுநாள் காலை 6:30. அதிகாலையில் எழுகிறவர்களுக்கு அது நல்ல நேரம்தான், ஆபீஸ் கிளம்பும் முன் ஒரு ட்ரெயின் முடித்துவிடலாம்.

ட்ரெயின் வேறு வேர்ல்டில் ஓடுகிறதாம். நான் போக முடியுமா?

முடியும். ஒரே டேட்டா சென்டருக்குள் என்றால் லிம்சா, கிரிடானியா, உல்டா இவற்றில் ஒன்றின் பெரிய எதெரைட்டில் போய் வேறு வேர்ல்டைத் தேர்ந்தெடுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து இந்த வசதி இருக்கிறது. வேறு டேட்டா சென்டருக்குப் போக லாக்-அவுட் செய்து, கேரக்டர் தேர்வுத் திரையிலிருந்து போகவேண்டும், அது 2022 ஜூலையில் வந்தது.

இரண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வையுங்கள். அங்கே உங்கள் ரீடெய்னரை (பொருட்களை வைத்துக்கொள்ளும் உதவியாளை) அழைக்க முடியாது, அதனால் பையில் இடம் காலிசெய்துவிட்டுப் போங்கள். அப்புறம், ட்ரெயின் ஆரம்பிக்கிற நேரத்துக்கு எல்லோரும் ஒரே வேர்ல்டுக்குள் நுழையப் பார்ப்பார்கள், வரிசையில் காத்திருக்க நேரிடும். பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே போய்விடுங்கள்.

பார்ட்டியில் சேர்ந்தே ஆகவேண்டுமா?

கட்டாயம் என்று இல்லை, ஆனால் சேருங்கள். பரிசு எவ்வளவு என்பது அந்தச் சண்டையில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. தனியாக நின்றால் உங்கள் ஒருவர் அடி மட்டும்தான் உங்கள் கணக்கு. அத்தனை பேர் அடிக்கும்போது அது ஒன்றுமே இல்லாமல் போகலாம், பாதிப் பரிசுகூட வராது. எட்டுப்பேர் பார்ட்டியில் இருந்தால் கவலையில்லை, லோடிங் தாமதமாகி நீங்கள் இரண்டே அடி அடித்தாலும் பெரும்பாலும் முழுப் பரிசு வரும். 'பார்ட்டி இருக்கா' என்று ஷவுட்டில் ஒரு வரி கேட்டால் அழைப்பு வந்துவிடும். கூச்சப்படவேண்டாம், எல்லோரும் அப்படித்தான் சேர்கிறார்கள். உங்கள் பார்ட்டியில் இடம் காலியிருந்தால் நீங்களும் கேட்கிறவர்களை அழைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சேர்ந்தாச்சு. இப்போது என்ன செய்யவேண்டும்?

கண்டக்டர் ஷவுட்டில் ஒரு ஃப்ளாக் போடுவார். மேப் பெயரும் இரண்டு எண்களும் இருக்கும், அதைச் சொடுக்கினால் உங்கள் மேப்பில் கொடி விழும். பக்கத்து எதெரைட்டுக்கு டெலிபோர்ட், பறந்து கொடிக்கு மேலே போங்கள். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் வானத்தில் மிதந்துகொண்டிருக்கும். நீங்களும் மவுண்டிலேயே (நீங்கள் ஏறிவந்த வாகனத்திலேயே), மிருகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நில்லுங்கள். கீழே இறங்கி அதன் மூக்குக்கு முன்னால் நிற்காதீர்கள்.

கண்டக்டர் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பார், சிலர் 'இன்னும் லோடிங்' என்பார்கள், காத்திருப்பார். பிறகு 'புல்' (சண்டையைத் தொடங்கு) என்பார், அல்லது அவரே முதல் அடி அடிப்பார். எல்லோரும் இறங்கி அடிக்கவேண்டியதுதான். மிருகம் முழுவதும் சாகும் முன்பே பெரும்பாலும் அடுத்த ஃப்ளாக் சாட்டில் வந்து விழுந்திருக்கும். செத்த கையோடு டெலிபோர்ட் செய்யுங்கள், அங்கேயே நின்று பரிசை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே மேப்பில் இரண்டாவது மிருகம் என்றால் சில நேரம் டெலிபோர்ட் செய்வதைவிட நேராகப் பறப்பது வேகம், கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பின்னால் போங்கள்.

எல்லோரும்தான் வந்துவிட்டார்களே, நானே முதலில் அடித்தால் என்ன?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எதைத் தவறாகச் செய்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், இதைச் செய்தால் மட்டும் கோபம் வரும்.

உங்கள் திரையில் எல்லோரும் வந்துவிட்ட மாதிரி தெரியலாம். ஆனால் இந்த நேரத்தில் ஒருவர் பழைய கன்சோலில் லோடிங் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவருக்கு அந்த மேப்பில் பறக்கும் வசதி இல்லை, ஓடி வந்துகொண்டிருப்பார். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வெகுதூரத்து சர்வரில் ஆடுகிறவருக்கு இணைப்பு ஒருமுறை தடுமாறினாலே போதும், இருபது வினாடி போய்விடும். நிறையப் பேர் இருக்கும்போது ஏ ரேங்க் அரை நிமிடம்கூடத் தாங்காது. நீங்கள் அவசரப்பட்டு வீசிய ஒரு அம்பில் அந்த மூன்று பேருக்கும் அந்த மிருகம் போச்சு, திரும்ப வர 4 மணி நேரமாவது ஆகும்.

இன்னொன்று. அந்த 12 மிருகங்களையும் யாரோ ஒருவர் முன்னாலேயே ஒரு மணி நேரம் போல அலைந்து தேடிவைத்திருக்கிறார். தேடிய அவர் நினைத்திருந்தால் தன் ஏழு நண்பர்களோடு அவற்றை அடித்துவிட்டுப் போயிருக்கலாம், விளையாட்டு தடுக்காது. அப்படிச் செய்யாமல் முன்பின் தெரியாத ஆட்களுக்காகக் காத்திருக்கிறார். மொத்த ஏற்பாடும் அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. இதைக் கட்டாயப்படுத்த விளையாட்டில் எந்த விதியும் இல்லை, ஆடுகிறவர்களாகப் பத்து வருஷத்துக்கும் மேலாகக் காப்பாற்றிவரும் வழக்கம் இது. புதியவர்கள் இதைப் புரிந்துகொண்டு வந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகவே வந்துவிடும்.

தெரியாமல் கை பட்டுவிட்டால் ஷவுட்டில் 'சாரி' என்று ஒரு வார்த்தை போதும். அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கூட்டம் வேறு இடத்தில் நிற்கிறது, நான் நிற்கும் இடத்தில் ஒருவருமே இல்லை. ஏன்?

இன்ஸ்டன்ஸ் மாறியிருக்கும். புது எக்ஸ்பான்ஷன் வந்த புதிதில் நெரிசலைக் குறைக்க ஒரே மேப்பை இரண்டு மூன்றாகப் பிரித்து ஓட்டுவார்கள், ஒவ்வொன்றிலும் தனித்தனி ஏ ரேங்குகள் இருக்கும். மேப் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு எண் தெரியும். கண்டக்டர் சொன்ன எண்ணும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள், இல்லையென்றால் எதெரைட்டில் போய் மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் ட்ரெயின் இரண்டு மூன்று மடங்கு நீளமாக ஓடும், பரிசும் அதற்கேற்ப.

மிருகமே கண்ணுக்குத் தெரியவில்லை!

கூட்டம் அதிகமானால் இப்படி ஆகும், உங்கள் கணினியின் கோளாறு அல்ல. சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் ஒரே நேரத்தில் எத்தனை ஆட்களைக் காட்டவேண்டும் என்ற அளவைக் குறைத்துவிடுங்கள். கேரக்டர் கான்ஃபிகரேஷனில் மற்றவர்களின் தாக்குதல் வெளிச்சங்களை முழுக்க அணைத்துவிடுங்கள், கண்ணுக்கும் நல்லது, ஃப்ரேமும் குறையாது. சீக்கிரம் வந்து பக்கத்தில் நிற்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

மிருகம் என்னென்ன செய்யும்? படித்துவிட்டு வரவேண்டுமா?

வேண்டாம். பெரிய ட்ரெயினில் அது எதையும் செய்து முடிக்கும் முன்பே செத்துவிடும். ஆனால் ஆள் குறைவான நேரத்தில், குறிப்பாக நம்முடைய பகல் வேளைகளில், முழுச் சண்டையும் பார்க்கக் கிடைக்கும், அது நன்றாகவே இருக்கும். எண்ட்வாக்கரின் தாவ்நேர் மேப்பில் யிலான் என்று ஒன்று. உங்கள் மேல் ஒரு குறியை ஏற்றிவிடும். அது முடிந்ததும் உங்கள் கேரக்டர் உங்கள் பேச்சைக் கேட்காமல் முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ தானாக நடக்கும். அதற்கு முன்பே எந்தப் பக்கம் என்று பார்த்து, நடந்தால் ஆபத்தில்லாத இடத்தில் போய் முடிகிற மாதிரித் திரும்பி நிற்கவேண்டும். லிவிங் மெமரியில் சாலி த ஸ்வீப்பர் அடுத்தடுத்து என்னென்ன தாக்குதல் என்று வரிசையாக முதலில் காட்டிவிட்டு, பிறகு அதே வரிசையில் அடிக்கும். ஞாபகம் வைத்து நகரவேண்டும்.

தாவ்நேரில் இருக்கும் இன்னொரு ஏ ரேங்கின் பெயர் சுக்ரீவா, அங்கே வரும் எஸ் ரேங்கின் பெயர் ஸ்படிகா. பக்கத்து ஊரான ரட்ஸ்-அட்-ஹானின் தெருக்களைப் பார்த்தாலே இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று நமக்குப் புரியும். அந்த மேப்புக்கு ட்ரெயின் வரும்போதெல்லாம் எனக்குத் தனிச் சந்தோஷம்.

டாங்க், ஹீலர் ஆட்களுக்குத் தனியாக ஏதாவது?

டாங்க் (முன்னால் நின்று அடி தாங்குபவர்) என்றால், புல் செய்கிறவர் நீங்கள் இல்லையென்றால் ஸ்டான்ஸை (மிருகத்தின் கவனத்தை உங்கள் மேல் இழுப்பதை) அணைத்துவையுங்கள். மிருகம் உங்கள் பக்கம் திரும்பிவிட்டால் அதன் முகத்தைக் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி நிற்கவையுங்கள். ஹீலர்கள் அடிப்பதை விட்டுவிட வேண்டாம், ஆனால் யாராவது விழுந்திருந்தால் கிளம்பும் முன் ஒரு ரெய்ஸ் போட்டுவிட்டுப் போங்கள், அவர் உங்கள் பார்ட்டியில் இல்லாவிட்டாலும்.

நான் விழுந்துவிட்டால்?

உடனே ரிட்டர்னை அழுத்தாதீர்கள். அழுத்தினால் உங்கள் ஹோம் எதெரைட்டுக்குப் போய்விடுவீர்கள், திரும்ப வருவதற்குள் ட்ரெயின் இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். அப்படியே கிடங்கள், யாராவது எழுப்புவார்கள்.

இதில் என்னதான் கிடைக்கும்?

ஹெவன்ஸ்வர்டுக்கு முந்தைய மேப்புகளில் அலைட் சீல், ஹெவன்ஸ்வர்டிலும் ஸ்டார்ம்பிளட்டிலும் சென்டுரியோ சீல், ஷேடோபிரிங்கர்ஸிலிருந்து சாக் ஆஃப் நட்ஸ். கூடவே டோம்ஸ்டோன்களும் (கியர் வாங்க உதவும் இன்னொரு நாணயம்), மெட்டீரியாவாக (கியரில் பதிக்கும் கல்) மாற்றிக்கொள்ளக்கூடிய கிளஸ்டர்களும். வாரத்துக்கு 450 என்ற வரம்பு இருக்கும் டோம்ஸ்டோனை டஞ்சன் டஞ்சனாக ஓடிச் சேர்க்கச் சலிப்பாக இருந்தால் ட்ரெயின் நல்ல மாற்று.

நட்ஸை 3,200 சேர்த்தால் மவுண்ட் வாங்கலாம். ஷேடோபிரிங்கர்ஸில் ஃபர்கிவன் ரெடிசென்ஸ், எண்ட்வாக்கரில் விவர். டெலிபோர்ட்டுக்குக் கில் (விளையாட்டின் பணம்) செலவாகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் சீல் கொடுத்து எதெரைட் டிக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ட்ரெயின் செலவு ட்ரெயினிலேயே வந்துவிடும்.

கவனிக்கவேண்டியது: நட்ஸுக்கு உச்சவரம்பு 4,000, வாராந்திர வரம்பில்லாத டோம்ஸ்டோன்களைக்கூட 2,000-க்கு மேல் கையில் வைத்திருக்க முடியாது. மேலே வருவது அப்படியே வீண். ஏறும் முன் செலவழித்துவிட்டு வாருங்கள்.

எஸ் ரேங்கும் ட்ரெயினில் வருமா?

பொதுவாக வராது. எஸ் ரேங்க் தானாகத் தோன்றுவதில்லை, முந்தையது செத்துக் குறைந்தது 84 மணி நேரமாவது ஆகியிருக்கவேண்டும், அதற்கு மேல் அதற்குரிய நிபந்தனையையும் யாராவது நிறைவேற்றவேண்டும். நிபந்தனைகள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. மின்ஹோகாவோ வர 100 எர்த் ஸ்ப்ரைட்டுகளைக் கொல்லவேண்டும். எல்பிஸில் ஓஃபியோனியஸ் வர அங்கே கிடைக்கும் முட்டைகளில் சரியாக ஐந்தை ஒன்றாகத் தூக்கியெறியவேண்டும். அல்டிமா தூலேயில் நாரோ-ரிஃப்ட் வர பத்துப்பேர் 'வீ ஈயா' மினியனோடு (கூடவே வரும் குட்டித் துணை) ஒரே இடத்தில் நிற்கவேண்டும். தெரியாத ஒன்பது பேரோடு அந்த வெறிச்சோடிய இடத்தில் குட்டி மினியனை வைத்துக்கொண்டு நிற்பது இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த விஷயங்களில் ஒன்று.

வந்துவிட்டது என்றால் அறிவிப்பு பறக்கும், எல்லா வேர்ல்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், அதனால் காத்திருப்பும் அதிகம். செத்த பிறகு உடனே கிளம்பிவிடாதீர்கள். ஷேடோபிரிங்கர்ஸ் முதல் சில சமயம் மேப்பின் நான்கு இடங்களில் சிறியவை தோன்றும், நான்கையும் கொன்றால் எஸ்எஸ் ரேங்க் வரும்.

ப்ளக்-இன் போட்டால் மிருகம் இருக்கும் இடம் தானாகத் தெரியுமாமே?

வெளியார் கருவிகள் எதையும் ஸ்கொயர் எனிக்ஸ் அனுமதிப்பதில்லை, அவ்வளவுதான். ட்ரெயினில் ஏறுவதற்கு அப்படி ஒன்று தேவையும் இல்லை.

கண்டக்டருக்கு என்ன கொடுப்பது?

விளையாட்டு அவருக்குத் தனியாக எதுவும் தருவதில்லை, உங்களுக்குக் கிடைத்ததுதான் அவருக்கும். கடைசி மிருகம் செத்ததும் ஷவுட்டில் நன்றி சொல்லுங்கள், பெயர் சொல்லிச் சொன்னால் இன்னும் நல்லது. நடுவில் 'எவ்வளவு நேரம்', 'ஏன் நிற்கிறோம்' என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், அவர் ஒரே நேரத்தில் மேப்பையும் சாட்டையும் டிஸ்கார்டையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

நானே ஒரு ட்ரெயின் ஓட்டலாமா?

தாராளமாக ஓட்டலாம், இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. முதலில் பழைய எக்ஸ்பான்ஷன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டம் குறைவு, பதற்றமும் குறைவு. அந்த வேர்ல்டில் வேறு யாரும் அதே நேரத்துக்கு அறிவித்திருக்கிறார்களா என்று டிஸ்கார்டில் பார்த்துவிட்டு, உங்கள் நேரத்தைப் போடுங்கள். தேடும்போது ஒவ்வொரு மிருகத்தின் இடத்தையும் காகிதத்திலாவது எழுதிவையுங்கள், ஒரு மேப்பின் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வரிசையை முடிவுசெய்யுங்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் ஒன்றைக் கொன்றுவிடக்கூடும், பதினொன்றோடு ஓட்டுங்கள், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். முதல் நிறுத்தத்தில் மட்டும் ஐந்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள், பார்ட்டி தேடுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் சேர்வார்கள்.